சோப்பு சிஸ்டர்

கடைசியாக நீங்கள் ஆன்டிபயாட்டிக் மாத்திரை விழுங்கியது யார் சொல்லி? மருத்துவர் சொல்லியா, மருந்துக்கடையில் நிற்பவர் சொல்லியா, அல்லது போன தடவை மிச்சம் வைத்த அட்டை அலமாரியில் கிடந்தது என்பதாலா?

ஜாஸ்மின் இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்பார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் கேட்டிருக்கிறார். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்களிடம் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்த போதகரிடமே கேட்டு, அவர் பதில் சொல்லாமல் செருப்பைத் தேடிய கதை ஜாஸ்மினின் ஊரான வல்லம் வடகாலில் இன்றும் சிரிப்புக்குரியது. ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையில் அவர் தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பான செவிலியர். அங்கே அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. சோப்பு சிஸ்டர் என்றால்தான் தெரியும்.

அவருடைய அப்பா தாவீது நெல் விளைவித்த நிலத்தின் மேல் இன்று ஒரு தொழிற்சாலையின் லாரி நிறுத்துமிடம் இருக்கிறது. அதை நினைத்து ஜாஸ்மின் கண்ணீர் விட்டதில்லை. தொழிற்சாலை வந்ததால் ரோடு வந்தது, ரோடு வந்ததால் பஸ் வந்தது, பஸ் வந்ததால்தான் சென்னைக்குப் போய் நர்சிங் படித்தார். அவருடைய கோபமெல்லாம் வேறு இடத்தில். இவ்வளவு பெரிய ஆலைகளைக் கட்டத் தெரிந்தவர்களுக்கு, அதில் வேலை செய்யும் மனிதருக்கு ஒரு வயிறு உண்டு, அந்த வயிற்றுக்கு ஒரு நேரம் உண்டு என்பது மட்டும் ஏன் தெரியவில்லை?

சோப்பு என்ற பட்டம் சும்மா வந்ததல்ல. அதற்கு முன்னால் அவர் சானிடைசர் சிஸ்டராக இருந்தார். ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் ஒரு பாட்டிலை மாட்டியவர் அவர்தான். வருகிறவர் போகிறவர் எல்லாம் அதை அழுத்திக் கையைத் தேய்ப்பதைப் பார்த்துப் பூரித்தவர். பிறகு ஒரு மழைக்காலத்தில் அடுத்தடுத்த கட்டில்களில் இருந்த இரண்டு பேருக்கு ஒரே மாதிரி வயிற்றுப்போக்கு வந்தது. பரிசோதனையில் வந்த பெயர் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில். மருத்துவமனைக்காரர்கள் சுருக்கமாக சி-டிஃப் என்பார்கள்.

இந்தக் கிருமியின் தந்திரம் எளிமையானது. நம் பெருங்குடலில் கோடிக்கணக்கான நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன. வேறொரு நோய்க்காக நாம் விழுங்கும் ஆன்டிபயாட்டிக் அவற்றையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறது. காலியான வீட்டுக்குள் சி-டிஃப் நுழைந்து பெருகி, நஞ்சைக் கக்குகிறது. வெளியே வந்தால் தன்னைச் சுற்றி ஒரு கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு கட்டில் கம்பியிலும் கதவுக் கைப்பிடியிலும் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். மற்ற பல கிருமிகளைக் கொல்லும் சானிடைசர் அந்த ஓட்டை ஒன்றும் செய்யாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவினால் கையைவிட்டுப் போகும். குளோரின் போட்டுத் துடைத்தால் சாகும்.

இதைப் படித்த அன்று ஜாஸ்மின் அந்த இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் வெகுநேரம் நின்றார். தன் கையால் மாட்டிய பாட்டில்கள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. அடுத்த நாளிலிருந்து எங்கே போனாலும் சோப்பு, சோப்பு என்ற பேச்சுதான். வாஷ்பேசினில் சோப்புத் தீர்ந்தால் நிர்வாக அலுவலகத்தின் கதவு தட்டப்படும். தட்டுகிற வேகத்தில் அந்தத் தளத்துக்கே தெரியும், யார் வந்திருக்கிறார் என்று.

பிரவீன் வந்து சேர்ந்தது அதற்கப்புறம்.

மண்ணூர்க்காரன். வாகன உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்பவன். இரும்புத் தட்டு சரிந்து முழங்காலுக்குக் கீழே கிழித்ததில் காயம் சீழ் பிடித்து, பக்கத்து மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரைகளுக்கு அடங்காமல், காலைத் தூக்கமுடியாத நிலையில் வந்தான். அறுவை செய்து சீழை எடுத்தார்கள். வலுவான ஆன்டிபயாட்டிக் போட்டார்கள். கால் தேறியது. வீட்டுக்குப் போகலாம் என்று பேச்சு வந்த நேரத்தில் வயிறு பிய்த்துக்கொண்டது.

ஜாஸ்மினுக்கு உடனே பொறி தட்டியது. பொதுமருத்துவர் நிலவனுக்கும் அதே சந்தேகம். நிலவன் எதற்கும் குரலை உயர்த்தாதவர். சுவரில் ஒட்டியிருக்கும் சிகிச்சை வழிகாட்டியைத் தினமும் புதிதாகப் பார்ப்பவர்போல விரல் வைத்துப் படிக்கிறவர். "மனப்பாடம் இல்லையா டாக்டர்?" என்று யாராவது கேலி செய்தால், "மனப்பாடம் செஞ்சவங்கதான் தப்பா சொல்லுவாங்க" என்பார். மலம் பரிசோதனைக்குப் போனது. சி-டிஃப் என்று வந்தது. காயம் ஆறிவிட்டதால் பழைய ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தினார்கள். பிரவீனைத் தனி அறைக்கு மாற்றினார்கள். அந்த அறைக்குத் தனிக் கழிவறை. துப்புரவுப் பணியாளர் அன்னக்கிளி குளோரின் வாளியோடு வந்து, "இன்னா சிஸ்டர், உங்க ஃப்ரெண்டு சி-டிஃப் திரும்ப வந்துட்டானா?" என்று கேட்டுவிட்டுக் கட்டில் கம்பிகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

மருந்து வாங்கோமைசின். தகராறு அதில்தான் ஆரம்பித்தது.

அந்த மருந்து அங்கே ஊசிக்கான பொடியாகத்தான் கிடைத்தது. ஜாஸ்மின் குப்பியில் தண்ணீர் விட்டுக் கரைத்து, சிரிஞ்சில் உறிஞ்சி, ஊசியைக் கழற்றிவிட்டு, ஒரு டம்ளரில் ஊற்றினார். பிரவீனின் மனைவி லீலா ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை இன்னும் தொங்கியது.

"இன்னா சிஸ்டர் இது? ஊசி மருந்த கிளாஸ்ல ஊத்திக்கினு வரீங்க?"

"குடிக்கத்தான்மா."

"நரம்புல ஏத்தறத வாயில ஊத்துவீங்களா? எங்கள பாத்தா எப்டி கீது உங்களுக்கு?"

பக்கத்தில் நின்ற தாண்டவராயனும் சேர்ந்துகொண்டார். பிரவீனின் அண்ணன், அதே கம்பெனியில் அடுத்த லைனில் பல வருஷமாக வேலை. "சிஸ்டர், தப்பா நெனச்சிக்காதீங்க. டிரிப்ஸ்ல போடுங்க. கஷாயம் மாரி குடுத்தா எப்டி கேக்கும்? சும்மா ஜுரத்துக்கே எங்க ஊர்ல ரெண்டு பாட்டில் ஏத்தினாதான் எழுந்து நிக்கறானுங்க."

தமிழ்நாட்டில் கடவுளை மறுத்துவிட்டு உயிரோடு இருக்கலாம். குளுக்கோஸ் பாட்டிலை மறுத்துவிட்டு ஒரு கிளினிக் நடத்திவிட முடியாது. நரம்பில் ஏறுவதுதான் மருந்து, வாயில் போவது வெறும் சமாதானம் என்று யார் இவர்களுக்குச் சொன்னது? பாட்டில் தொங்கவிட்டால்தான் கூட்டம் வரும் என்று கண்டுகொண்ட வைத்தியர்கள் சொன்னார்கள். அந்தப் பாவத்தின் பாக்கி இப்போது ஜாஸ்மின் தலையில்.

"அண்ணே, கேளுங்க. இந்த மருந்த நரம்புல போட்டா ரத்தத்துல சுத்திட்டு ஒன்னுக்கு வழியா வெளிய போயிடும். குடலுக்குள்ள எட்டிக்கூட பாக்காது. கிருமி குடலுக்குள்ளதான உக்காந்துக்கினு கீது? வாயில போனா நேரா அங்க போயி நிக்கும்."

தாண்டவராயன் தலையை ஆட்டினார். ஏற்றுக்கொள்ளும் ஆட்டமல்ல.

கட்டிலில் சுருண்டு கிடந்த பிரவீன் கண்ணைத் திறக்காமலே பேசினான். "அண்ணா, கன்வேயர் செயின் கத்துதுன்னா ஆயில எங்க ஊத்துவ? செயின்லயா, கரண்ட் பேனல் போர்டுலயா?"

"அது மெஷினுடா."

"குடுங்க சிஸ்டர்." ஒரே மடக்கில் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "த்தூ. இதுக்கு பேனல் போர்டே பரவால்ல."

லீலா சிரித்துவிட்டாள். அடுத்த வேளைக்கு ஜூஸ் கலந்து தருவதாக ஜாஸ்மின் ஒப்புக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று மூன்று பேருக்கும் பொதுவாகச் சொன்னார்: "வெளி மருந்து எதுவும் குடுக்கக்கூடாது. உள்ள வரும்போதும் போம்போதும் சோப்பு போட்டு கை கழுவணும்." மூவரும் தலையசைத்தார்கள்.

மறுநாள் காலை அவர் வார்டுக்குள் நுழையும்போதே தாண்டவராயன் வராந்தாவில் எதிர்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. கையில் ஒரு பெட்டி ஜாங்கிரி.

"நின்னுடுச்சு சிஸ்டர். விடிகாலையிலருந்து ஒரு தடவகூட போகல. நீங்க சொன்னதுதான் கரெக்டு. நான்தான் மொக்கையா பேசிட்டேன்."

ஜாஸ்மினுக்குள் சட்டென்று ஒரு மகிழ்ச்சி எழுந்தது. ஜாங்கிரியை எடுக்கக் கையும் நீண்டது. நீண்ட கை பாதியில் நின்றது. இவ்வளவு சீக்கிரமா? இந்த மருந்து வேலை செய்யும், ஆனால் குழாயை மூடுவதுபோல மூடாது. சிறுகச் சிறுகத்தான் குறையும்.

அறைக்குள் ஓடினார். பிரவீன் சிரிக்க முயன்றான். உதடு வறண்டிருந்தது. நாடி வேகமாக அடித்தது. போர்வையை விலக்கி வயிற்றில் கை வைத்தார். தோல் இறுகி, தட்டினால் தவில்போல ஒலித்தது. ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் காத்திருந்தார். நேற்று கடகடவென்று ஓடிய குடல் இன்று வாயே திறக்கவில்லை.

போக்கு நிற்கவில்லை. குடல் நின்றுபோயிருந்தது. நஞ்சு உள்ளேயே தேங்கி, குடல் பலூன்போல ஊதிக்கொண்டிருந்தது. இன்னும் ஊதினால் கிழியும். கிழிந்தால் பிழைப்பது அரிது.

"பிரவீன், இன்னா சாப்ட்ட நீ?"

அவன் அண்ணனைப் பார்த்தான். தாண்டவராயன் ஒரு தயக்கமும் இல்லாமல், பெருமையாகவே, சட்டைப் பையில் கைவிட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். பாதி காலி. வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை.

"இதான் சிஸ்டர். சாயந்தரம் ரெண்டு, அப்பாலயும் ரெண்டு. பாவம் கஷ்டப்பட்டுக்கினு இருந்தான்."

"வெளி மருந்து குடுக்காதீங்கன்னு சொன்னனே அண்ணே."

"மருந்தா?" அவர் உண்மையிலேயே குழம்பினார். "இது எப்பவும் பையிலயே கீறதாச்சே சிஸ்டர்."

ஜாஸ்மின் அதற்குமேல் ஒரு நொடியும் அங்கே நிற்கவில்லை. நிலவனுக்குப் போன். நிலவன் மாடிப்படியில் ஓடி வந்ததை அந்த மருத்துவமனை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், பெருங்குடல் வீங்கியிருந்தது. அறுவை நிபுணரைக் கூப்பிட்டுத் தயாராக இருக்கச் சொன்னார்கள். நிலவன் சுவருக்குப் போனார், விரலை வைத்தார், சத்தமாகப் படித்தார். நிலைமை முற்றியவர்களுக்கான வரி அது. வாங்கோமைசின் அளவைக் கூட்ட வேண்டும். மூக்கு வழியாகக் குழாய் விட்டு உள்ளே கொடுக்க வேண்டும். குடல் அசையாததால் கீழே ஆசனவாய் வழியாகவும் அதே மருந்தைச் செலுத்த வேண்டும். கூடவே மெட்ரோனிடசோல் என்ற இன்னொரு மருந்து நரம்பில். அவர் படிக்கப் படிக்க ஜாஸ்மினின் கைகள் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே போயின. அன்னக்கிளி யாரும் கேட்காமலே அடுத்த வாளி குளோரினோடு கதவருகில் நின்றார்.

நரம்பில் டிரிப்ஸ் ஏறுவதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்த தாண்டவராயனுக்கு இம்முறை அது எந்த ஆறுதலும் தரவில்லை.

மருந்தெல்லாம் உள்ளே போன பிறகுதான் ஜாஸ்மின் வெளியே வந்தார். கிழித்துப் போடத்தான் வந்தார். வாயில் வார்த்தைகள் தயாராக இருந்தன. தாண்டவராயன் பெஞ்சில் உட்கார்ந்து அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு அண்ணே இத பையில வெச்சிக்கினு சுத்தறீங்க?"

"எல்லாரும் வெச்சிக்கினுதான் கீறோம் சிஸ்டர். லைன் ஓடிக்கினு இருக்கும்போது எப்டி போறது? நம்ம எடத்துல நிக்க ரிலீவர் வரணும். ரிலீவர் ஒருத்தன், அவனுக்கு மொத்த லைனும் கீது. கைய தூக்கினா சூப்பர்வைசரு, 'இன்னா, வூட்ல முடிச்சிட்டு வரமாட்டியா'ம்பாரு. எல்லாம் சிரிப்பானுங்க. வயிறு சரியில்லன்னா ரெண்டு போட்டுக்கினு நிக்க வேண்டியதுதான். புதுசா சேர்ற பையனுக்கு நாங்களே சொல்லிக் குடுக்கறது இது. ஷூ, ஹெல்மெட், இந்த அட்டை."

ஜாஸ்மினின் வாயில் இருந்த வார்த்தைகள் ஆள் மாறின. இந்த மனிதருக்கு அது மருந்தே அல்ல. சீருடையின் ஒரு பகுதி. வெளி மருந்து வேண்டாம் என்று தான் சொன்னபோது, அந்த அட்டை அவர் நெஞ்சுக்கு நேரே பையில் இருந்திருக்கிறது. அது அந்த அட்டையைப் பற்றிய பேச்சு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஏன் கூடாது என்று தானும் சொல்லவில்லை.

ஒரு மனிதன் கழிவறைக்குப் போவதை உற்பத்தி இழப்பு என்று கணக்கிடும் மூளை எப்படிப்பட்டது? வண்டிக்கு உதிரி பாகம் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு மாற்று ஆள் வைக்கமாட்டார்கள். ரோபோவுக்குப் பராமரிப்பு நேரம் ஒதுக்குகிறார்கள். ரத்தமும் குடலும் உள்ளவன் மாத்திரை போட்டுத் தன்னைத் தானே அடைத்துக்கொள்ள வேண்டும். பிரவீனின் குடலை அன்று நிறுத்தியது அவன் அண்ணனா?

"நான் என் தம்பிய கொன்னுட்டனா சிஸ்டர்?"

"இன்னும் இல்ல." ஜாஸ்மினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "கொல்ல விடமாட்டோம். அந்த அட்டைய குடுங்க. லீலா கையிலயும் எதனா இருந்தா வாங்குங்க."

அந்தப் பகல் நகரவே இல்லை. அறுவை நிபுணர் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், போனார், மறுபடி வந்தார். வெட்டினால் பெருங்குடலையே எடுக்க வேண்டியிருக்கும், காத்திருந்தால் கிழியலாம். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றார்கள். லீலா ஷிப்ட்டுக்குப் போகவில்லை. சூப்பர்வைசரின் போனை எடுக்கவுமில்லை. கை கழுவிக் கழுவி அவள் விரல் நுனிகள் சுருங்கியிருந்தன. ஜாஸ்மின் தன் வேலை நேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. அவர் கணவர் லோகேஷ் போன் செய்து, "சோறு எடுத்துக்கினு வரவா?" என்றார். "எடுத்துக்கினு வா. நாலு பேருக்கு எடுத்துக்கினு வா," என்று வைத்துவிட்டார்.

அடுத்த நாள் நண்பகல். ஜாஸ்மின் மருந்தை ஏற்றிவிட்டு வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். ஒன்றுமில்லை. இடம் மாற்றி வைத்தார். மூச்சை அடக்கினார். எங்கோ தூரத்தில், கதவிடுக்கில் பூனைக்குட்டி முனகுவதுபோல, ஒரு சின்னச் சத்தம். இன்னொன்று.

அவர் நிமிர்வதற்குள் பிரவீன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சாரி சிஸ்டர்" என்றான். அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

காற்றுப் பிரிந்தது.

"எதுக்குடா சாரி," என்றார் ஜாஸ்மின். "இன்னொன்னு விடு."

லீலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள், இரண்டும் கலந்து வந்தது. செய்தி வராந்தாவுக்குப் போனது. அன்னக்கிளி அதை அடுத்த வார்டுக்குக் கொண்டுபோனார். தாண்டவராயன் யாரென்றே தெரியாத நோயாளிகளின் உறவினர்களிடமெல்லாம், "எங்க தம்பிக்கு காத்து பிரிஞ்சுடுச்சு" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். அவர்கள் புரியாமல் வாழ்த்தினார்கள். நிலவன் வந்து வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மனித குலம் உண்டாக்கின சத்தத்துலயே இதான் நல்ல சத்தம்," என்றார். அவர் நகைச்சுவை சொன்னதையும் அன்றுதான் பார்த்தார்கள்.

சாயங்காலத்துக்குள் வயிறு இளகத் தொடங்கியது. மறுநாள் போக்கு திரும்பி வந்தது. அதற்கும் கொண்டாடினார்கள். பிறகு அது உண்மையாகவே, சிறுகச் சிறுகக் குறைந்தது. கத்தி தேவைப்படவில்லை.

வீட்டுக்குப் போகும் நாளில் லீலா ஒன்றைக் கேட்டாள். "இன்னொரு தடவ டெஸ்ட் எடுத்து, கிருமி இல்லன்னு எழுதிக் குடுங்க சார்."

"வேணாம்மா," என்றார் நிலவன். "கிருமி கொஞ்ச நாள் உள்ள தங்கிக்கினுதான் இருக்கும். டெஸ்ட் எடுத்தா இருக்குன்னுதான் வரும். நீங்க பயந்து திரும்ப மருந்து கேப்பீங்க. ஆளு நல்லா இருக்கானா, அதான் டெஸ்ட். மறுபடி வயிறு போச்சுன்னா மட்டும் அன்னைக்கே வந்துடணும். சில பேருக்குத் திரும்ப வரும்."

கதை இத்துடன் முடிந்திருந்தால் இது ஒரு நோயாளி பிழைத்த கதை, அவ்வளவுதான். தாண்டவராயன் அதை முடியவிடவில்லை. அடுத்த வாரம் ஷிப்ட் தொடங்குமுன் லைனில் எல்லோரையும் நிறுத்திப் பேசும் கூட்டத்தில், சூப்பர்வைசர் உற்பத்தி இலக்கைச் சொல்லி முடித்ததும் அவர் கையைத் தூக்கினார். தம்பிக்கு நடந்ததைச் சொன்னார். பிறகு, "யார் யார் பையில அட்டை கீது, எடுங்க," என்றார். முதலில் ஒரு பெண் எடுத்தாள். பிறகு ஒவ்வொருவராக. சூப்பர்வைசரும் ஏதோ நினைவில் தன் பையைத் தொட்டுப் பார்த்தாராம். அவர் பையிலும் இருந்தது.

அந்த லைனுக்கு இன்னொரு ரிலீவர் கிடைத்திருக்கிறார். பக்கத்து லைனுக்கு இன்னும் இல்லை. தாண்டவராயன் அதற்காக மறுபடி கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். ஜாஸ்மின் இப்போது நோயாளியிடமும் உறவினரிடமும் வெளி மருந்து வேண்டாம் என்று மட்டும் சொல்வதில்லை. "பையில கீறத எல்லாம் எடுத்து மேசை மேல வைங்க," என்கிறார். வைத்த பிறகு ஒவ்வொன்றையும் எடுத்து, எது ஏன் கூடாது என்று சொல்கிறார். நேரமாகிறது என்று நிர்வாகம் முணுமுணுக்கிறது. அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது ஒரு லைன், ஒரு கடை, ஒரு அலுவலகம் பொறுப்பில் இருக்கலாம். நாளைக் காலை உங்கள் ஆட்களைக் கூப்பிட்டு, போகவேண்டும் என்று தோன்றும்போது போகமுடிகிறதா என்று கேளுங்கள். அவர்கள் தயங்கினால், பதில் அதுதான். உடனே மாற்று ஆளை ஏற்பாடு செய்யுங்கள். பொறுப்பில் இல்லாதவர் என்றால், தாண்டவராயனைப்போல் கையைத் தூக்குங்கள். பக்கத்தில் நிற்பவரையும் தூக்கச் சொல்லுங்கள்.